உறைக்குள் இல்லாத துண்டு

மகனே,

இந்த உறை கைக்கு வந்ததும் அதைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்திருப்பாய். சின்ன வயதில் பிறந்தநாளுக்கு எந்தப் பொதி வந்தாலும் அப்படித்தான் செய்வாய். இந்த முறை சத்தம் எதுவும் வந்திருக்காது. நீ அனுப்பச் சொன்ன துண்டு இதற்குள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை துரொண்ட்ஹெய்மிலிருந்து தொலைபேசியில், "அப்பா, கீழை வேலை அறையிலை என்ரை மேசை லாச்சிக்குள்ளை ஒரு ஸ்னூஸ் டப்பா இருக்கு. அதுக்குள்ளை துவக்கின்ரை சேப்டி லீவரைத் துணியிலை சுத்தி வைச்சிருக்கிறன். போஸ்ற்றிலை போட்டு விடுங்கோ, வேட்டைக்கு முதல் பூட்ட வேணும்" என்று நீ சொன்னபோது நான் "ஓம், ஓம்" என்றேன். ஓம் என்று சொல்லிவிட்டு இப்படிக் காகிதக் கட்டு அனுப்புகிறேனே என்று உனக்கு எரிச்சல் வரும். எரிச்சலோடேயே வாசி. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழை வைத்துக்கொண்டு நீ எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய். இந்தக் கடிதத்துக்கு அந்த வேகம் போதும். உதட்டுக்குள் புகையிலை வைக்கும் பழக்கம் உனக்கு இல்லை என்றும், அந்தக் காலி டப்பா யாரோ எறிந்தது என்றும் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அவள் நம்பவில்லை.

இன்னொன்றைக் கவனித்தாயோ தெரியாது. இந்தக் கடிதத்தின் தலையில் பிள்ளையார் சுழி இல்லை. அம்மா கடைக்குப் போகத் துண்டு எழுதினாலும் மேலே ஒரு ‘உ’ போட்டு, அடியில் நேராக இரண்டு கோடு இழுத்துவிட்டுத்தான் பால், முட்டை என்று தொடங்குவாள். உன் பள்ளிக்கூடக் கொப்பிகளிலும் அவள்தான் அதைப் போடப் பழக்கினாள். கணக்குக் கொப்பியில் ஒவ்வொரு பக்கத்திலும் இது என்ன குறி என்று உன் வகுப்பு ஆசிரியை கேட்டு எழுதியனுப்பியது இன்னும் எங்களிடம் இருக்கிறது. ஆறு வயதில் ஒருநாள் நீ என்னிடம், "ஏன் அப்பா நீங்கள் மட்டும் போடுறேல்லை?" என்று கேட்டாய். கை நோகிறது என்று சொன்னேன். ஒரு சுழி போடக் கை நோகும் மனிதனை நீ அன்றைக்கே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நீ போய்த் தைலம் எடுத்துவந்து தந்தாய்.

வேட்டைக்காரர் பரீட்சையில் பாஸ் பண்ணிவிட்டேன், பொலிசில் துவக்குக்கு அனுமதியும் கிடைத்துவிட்டது என்று நீ வந்து சொன்ன நாளில் அம்மா சோற்றுப் பானையை அடுப்பில் வைத்ததையே மறந்துபோனாள். "நாங்கள் துவக்குச் சத்தத்துக்கு ஓடி வந்தனாங்கள். இவன் விண்ணப்பம் எழுதி வாங்குறான்" என்று இரண்டு நாள் புலம்பினாள். நீ எல்லாவற்றையும் முறையாகத்தான் செய்தாய். இரும்பு அலுமாரி வாங்கினாய், பூட்டி வைத்தாய், சுடும் இடத்தில் பயிற்சிக்குப் போனாய். நீ வாங்கிய துவக்கு உன்னைவிட முப்பது வயது மூத்தது. அதைச் செய்த பட்டறை எப்போதோ மூடப்பட்டுவிட்டது, உதிரிப் பாகங்கள் கிடையாது. அப்போதுதான் உன் தலையில் நீயே செய்துகொள்ளும் எண்ணம் புகுந்தது. பள்ளிக்கூடமொன்றில் கழித்துவிட்ட சின்ன லேத்தைத் தூக்கி வந்தாய். அதன் மோட்டர் எரிந்துபோயிருந்தது. அம்மாவின் பழைய தையல் இயந்திரத்தின் மோட்டரைக் கழற்றிப் பூட்டினாய். யாரோ குப்பையில் போட்ட கதவு உனக்கு மேசையாகியது. நம் கட்டடத்து நிலவறையில் எல்லோருக்கும் பொதுவான வேலை அறையில் ஒரு மூலையை எழுதி வாங்கிக்கொண்டாய். அந்தக் கஞ்சத்தனம் அப்படியே என்னுடையது. அதைப் பார்த்து எனக்குப் பெருமைதான். துவக்கின் மரக்கட்டையைச் சீவினாய், திருகாணி கடைந்தாய், வார் மாட்டும் வளையம் செய்தாய். அதில் எதற்கும் நான் குறுக்கே நிற்கவில்லை.

ஆனால் நான் ஏன் ஒருநாளும் கீழே வந்து உன்னோடு நின்று வேலை செய்யவில்லை என்று நீ யோசித்திருப்பாய். முப்பது வருடமாக இந்த நோர்வே நகரத்து இயந்திரப் பட்டறையில் இரும்பு கடைகிற அப்பன், மகன் லேத் வாங்கினால் தோளில் கை போட்டுக்கொண்டு வந்து நிற்க வேண்டாமா. முதல் நாள் வந்தேன், ஞாபகமிருக்கிறதா? நீ இரும்பை இறுக்கிவிட்டு, இறுக்கிய சக் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, லேத்தின் அடிப் படுகையில் தட்டினாய். டக். கொஞ்சம் பொறுத்து, டக் டக். பிறகுதான் மோட்டரைப் போட்டாய். "உது ஆர் உனக்குச் சொல்லித் தந்தது?" என்று கேட்டேன். "ஆரும் சொல்லித் தரேல்லை அப்பா. சாவி கையிலை இருக்கேக்கை தட்ட வேணும் போலை இருக்கு" என்றாய். அடுப்பில் ஏதோ வைத்திருக்கிறேன் என்று பொய் சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டேன். அதற்குப் பிறகு நீ கீழே இருக்கும்போது நான் நிலவறைப் பக்கமே வருவதில்லை. என்றாலும் குழாய்கள் வழியாகச் சத்தம் மூன்றாம் மாடி வரை வரும். டக். டக் டக். ஒவ்வொரு முறையும் நான் கையிலிருப்பதை வைத்துவிட்டு நான்காவது சத்தத்துக்காகக் காத்திருப்பேன். அது வராது. மோட்டர் ஓடத் தொடங்கும். அதன்பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.

நான்காவது சத்தம் என்ன என்று சொல்கிறேன். கூடத்தில் மாலை போட்டுத் தொங்கும் தேவன் மாமாவின் படத்தைப் பார்த்துத்தான் நீ வளர்ந்தாய். அம்மாவின் அண்ணன், சண்டைக் காலத்தில் செத்துப்போனார் என்பதற்கு மேல் உனக்கு ஒன்றும் தெரியாது. உன் காது அவருடையது, நடை அவருடையது என்று அம்மா சொல்லுவாள். மாமனை உரித்து வைத்திருக்கிறான் என்பாள். நானும் தேவனும் யாழ்ப்பாணத்தில் ஒரே லேத் பட்டறையில் வேலை செய்தோம். தோட்டக் கிணறுகளின் தண்ணீர் மெஷினுக்குப் பாகம் கடைவதுதான் எங்கள் பிழைப்பு. இரும்பு வராத காலம். லொறியின் உடைந்த வில்லுத் தகடு, ரெயில் தண்டவாளத் துண்டு, எது கிடைத்தாலும் அதிலிருந்து எதையாவது செய்துவிடுவோம். உன்னுடைய சிக்கனம் எல்லாம் எங்கள் முன்னால் வெறும் விளையாட்டு. எந்த வேலையைத் தொடங்கும் முன்பும் தேவன் கையில் இருப்பதால் மேசையில் தட்டுவான். டக். டக் டக். பக்கத்தில் நிற்பவன் விலகட்டும் என்பதற்காகத் தொடங்கியது, பிறகு பழக்கமாகிவிட்டது. எனக்கு வேறொரு பழக்கம் இருந்தது. எதைச் செய்தாலும் முதல் வெட்டு வெட்டும் முன் இரும்பில் ஊசியால் ஒரு பிள்ளையார் சுழி கீறுவேன். என் சுழியின் வால் நேராக ஓடாது. கீழே இறங்கி மறுபடி உள்பக்கம் மேலேறும். சின்ன வயதில் கை அப்படிப் பழகிவிட்டது. பட்டறையில் எல்லோரும் அதைக் கண்டுபிடித்துச் சிரிப்பார்கள்.

ஒருநாள் ஆயுதம் எடுத்த இயக்கத்துப் பொடியள் இரண்டு பேர் சாக்கில் சுற்றிய துவக்கொன்றைக் கொண்டுவந்தார்கள். விசை அழுந்தாமல் தடுத்து நிற்கும் சின்னத் துண்டு தேய்ந்துபோயிருந்தது. நீ இப்போது செய்த அதே துண்டு. தேவன் பார்த்துவிட்டு, "உது எங்கடை வேலை இல்லைத் தம்பியவை. எங்களாலை ஏலாது, கொண்டு போங்கோ" என்றான். அவர்கள் என்னைப் பார்த்தார்கள். மகனே, பயத்தில் செய்தேன் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிவந்தேன். அது பொய். அவர்கள் என்னை மிரட்டவில்லை. "அண்ணைக்கு ஏலுமோ?" என்று கேட்டார்கள். அவ்வளவுதான். தேவனால் ஏலாதென்று விட்டதை நான் செய்து காட்ட வேண்டும் என்ற வீம்பு எனக்கு. வில்லுத் தகட்டில் ஒரு துண்டு வெட்டினேன். வழக்கம்போலச் சுழி கீறினேன். உள்பக்கத்தில், யாருக்கும் தெரியாத இடத்தில், நன்றாக ஆழமாகவே கீறினேன். துவக்குச் சாமான் அல்லவா, பிள்ளையார் கூடுதலாகக் காக்கட்டும் என்று நினைத்தேன். பிறகு அதைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினேன். அப்படிக் காய்ச்சிக் குளிர வைக்கிற இரும்பில் ஆழமான கீறல் இருந்தால் வெடிப்பு அந்தக் கீறல் வழியாகத்தான் ஓடும். இன்றைக்கு என் வேலைத்தலத்தில் நேற்று வந்த பயிற்சிப் பிள்ளைக்கும் அது தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரியாது என்பதும் எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் அதே பொடியள் திரும்பி வந்தார்கள். துண்டு கொஞ்சம் இறுகுகிறது, பார்த்துத் தாருங்கள் என்றார்களாம். நான் எதிர்ப்பக்கத் தேத்தண்ணிக் கடையில் நின்றேன். நான் வரும்வரை பொறுக்கச் சொல்லியிருக்கலாம். தேவன், "இஞ்சை தாங்கோ பாப்பம்" என்று வாங்கி மேசையில் வைத்திருக்கிறான். எனக்கு எதிர்க்கடையில் சத்தம் கேட்டது. டக். டக் டக். தேவன் ஏதோ தொடங்கப் போகிறான் என்று நினைத்துக்கொண்டு கிளாசை வாயருகே கொண்டுபோனேன். பிறகு நான்காவது சத்தம் வந்தது, துவக்கு வெடித்த சத்தம். துவக்கில் குண்டு இருந்ததை அவர்கள் சொல்லவில்லை; தடுப்பு இருக்கிறதே என்று அவனும் பார்க்கவில்லை. நான் ஓடிப் போனபோது பொடியள் துவக்கைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். தேவன் மேசைக்கும் லேத்துக்கும் இடையில் கிடந்தான். மற்றவர்கள் வருவதற்குள் நான் என்ன செய்தேன் தெரியுமா? அவன் தலையைத் தூக்கி மடியில் வைக்கவில்லை. குனிந்து தரையில் தேடினேன். இரண்டு துண்டும் கிடைத்தன. சுழியின் வளைவு வழியாக, யாரோ கத்தரியால் வெட்டியது போல உடைந்திருந்தது. அவற்றைச் சட்டைப் பைக்குள் போட்ட பிறகுதான் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினேன்.

செத்த வீட்டில் எல்லோரும் பொடியளைத் திட்டினார்கள். தேவன் கவனமில்லாமல் எடுத்தான் என்றும் சிலர் சொன்னார்கள். நான் இரண்டையும் ஆமோதித்தேன். அப்போது உன் அம்மாவுக்குப் பதினெட்டு வயது. அண்ணனின் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். பல வருடம் கழித்து, நான் நோர்வேக்கு வந்து வேலை, விசா எல்லாம் கிடைத்த பிறகு, அவளைக் கேட்டுக் கல்யாணம் செய்தேன். அது அன்பா, பரிகாரமா என்று நீ கேட்டால் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. தொடக்கத்தில் ஒன்றாக இருந்தது பிறகு மற்றதாக மாறியது என்று மட்டும் தெரியும். அவளைப் பிடித்துத்தான் வாழ்ந்தேன், அவளுக்குப் பயந்தும் வாழ்ந்தேன். அந்த இரண்டு துண்டையும் ஒரு சின்னத் தைல டப்பாவுக்குள் போட்டுக் கொழும்பு, விமான நிலையங்கள், அகதி முகாம் எல்லாம் கடந்து கொண்டுவந்தேன். அது என் பழைய குளிர் கோட்டின் உள்பையில் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை, அவனுடைய திதியன்று, அம்மா சாமியறையில் நிற்கும்போது அந்தத் துண்டுகளுக்கு எண்ணெய் பூசுவேன். துருப்பிடிக்க விட எனக்கு மனம் வரவில்லை. அந்த நாளுக்குப் பிறகு நான் எதிலும் சுழி போட்டதில்லை. காகிதத்தில்கூட இல்லை. என் சுழியை நீ உன் வாழ்நாளில் பார்த்திருக்கவே முடியாது.

இப்போது திங்கட்கிழமைக்கு வருகிறேன். மத்தியானம் நிலவறைக்குப் போனேன். அந்த அறையின் விளக்கு உனக்குத் தெரியும், ஆள் அசையாவிட்டால் தானே அணைந்துவிடும். உன் லாச்சியைத் திறந்து டப்பாவை எடுத்துத் துணியைப் பிரித்தேன். நல்ல வேலை, மகனே. உண்மையாகச் சொல்கிறேன், உன் வயதில் நான் செய்ததைவிட நல்ல வேலை. ஓரங்கள் சுத்தமாக இருந்தன. பழைய வானின் வில்லுத் தகட்டை உடைசல் வாகனக் கிடங்கிலிருந்து எடுத்தேன் என்று நீ ஒருமுறை சொன்னாய். தபாலில் போடுவதற்கு முன் சும்மா ஒருமுறை பார்ப்போம் என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பினேன். உள்பக்கத்தில், நான் கீறின அதே இடத்தில், ஒரு சுழி இருந்தது. நீ கொப்பியில் போடுகிற அம்மாவின் சுழி என்றால் கோபத்தோடு சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அடியில் கோடு இல்லை. வால் கீழே இறங்கி, மறுபடி உள்பக்கம் மேலேறியது. நான் எவ்வளவு நேரம் அசையாமல் நின்றேனோ தெரியாது, விளக்கு அணைந்துவிட்டது. இருட்டில் கையைத் தூக்க எனக்குத் துணிவு வரவில்லை. வெளிச்சம் வந்தால் என் கையில் இருப்பது உன்னுடைய துண்டாக இருக்குமா, பழையதாக இருக்குமா என்று தெரியவில்லை.

பிறகு கையைத் தூக்கினேன். விளக்கு வந்தது. துண்டை வைஸ் இடுக்கியில் இறுக்கி, சின்னப் பித்தளைச் சுத்தியலை எடுத்தேன். நீ இரண்டு மாதம் ஓய்வு நாட்களை எல்லாம் போட்டுச் செய்த சாமான். கண்ணுக்கு வெடிப்பு எதுவும் தெரியவில்லை. இந்தக் கிழவன் தன் பயத்துக்காக மகனின் உழைப்பை நாசமாக்கப் போகிறானா என்று எனக்கே வெட்கமாக இருந்தது. அதனால் மெதுவாகத்தான் தட்டினேன். முட்டையை உடைக்கிற அளவு. நல்ல இரும்பு அதற்குச் சிணுங்கக்கூடாது. அது உடைந்தது. வளைவு வழியாக, இரண்டாக. நான் கதிரையில் உட்கார்ந்து அழுதேன், மகனே. நீ உயிரோடு துரொண்ட்ஹெய்மில் எங்கோ கோப்பி குடித்துக்கொண்டிருக்கிறாய் என்பதற்காகவும், தேவனுக்காகவும் அழுதேன். அவனுக்காக நான் அழுதது அதுதான் முதல் தடவை. பிறகு உன் இரண்டு துண்டையும் மேலே கொண்டுபோய், வேறெங்கே வைப்பதென்று தெரியாமல், தைல டப்பாவுக்குள் மற்ற இரண்டோடும் போட்டேன். அது நான் செய்த அடுத்த பிழை. செவ்வாய்க்கிழமை திறந்து பார்த்தபோது எந்த இரண்டு பழையது, எந்த இரண்டு புதியது என்று எனக்குத் தெரியவில்லை. நான்கும் ஒரே கறுப்பு, ஒரே அளவு. எதை எதோடு பொருத்தினாலும் உடைவு பொருந்துகிறது. முப்பது வருடத்துக்கு மேலாக இரும்பு பார்த்த கண் இது. யன்னல் வெளிச்சத்தில் வைத்தேன், வேலைத்தலத்துக்குக் கொண்டுபோய்ப் உருப்பெருக்கும் கண்ணாடியின் கீழும் வைத்தேன். தெரியவில்லை.

இதற்கெல்லாம் விளக்கம் கேட்காதே, என்னிடம் இல்லை. நீ என்னுடையதும் தேவனுடையதுமான இரத்தம் என்பதைத் தவிர வேறு ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் இவ்வளவும். இந்த முறை வேட்டைக்குப் போகாதே. கூட்டாளிகளுக்கு என்ன காரணம் வேண்டுமானாலும் சொல்லு. அப்பாவுக்குப் பைத்தியம் என்று சொன்னாலும் எனக்கு வருத்தமில்லை. மீதித் தகடு உன் அலுமாரியில் இருக்கிறது, நீ நினைத்தால் இன்னொன்று செய்யலாம், என்னால் தடுக்க முடியாது. கட்டையைச் செய், வளையத்தைச் செய், துவக்கு மாட்டும் பலகையைச் செய், எவ்வளவு மலிவாக வேண்டுமானாலும் செய். விசைக்கும் மனிதனுக்கும் நடுவில் நிற்கிற துண்டை மட்டும் நீ செய்யாதே. அனுமதிப்பத்திரம் வைத்துத் துவக்குத் திருத்துகிறவன் உன் ஊரில் இருப்பான், அவனிடம் கொடு. முடியாது என்று அவன் சொன்னால் அந்தத் துவக்கு அவ்வளவுதான். ஏலாது என்று ஒருவன் சொன்ன வேலையைச் செய்து காட்டுகிற வீம்பு உனக்கும் இருக்கிறது, உன் தாடையில் பார்க்கிறேன். அது மாமனிடமிருந்து வந்ததல்ல. என்னிடமிருந்து வந்தது.

புதன்கிழமை இந்த இடத்தில் கடிதத்தை முடித்து மடித்துவிட்டேன். இன்று வியாழன். மறுபடி பிரித்து எழுதுகிறேன், ஏனென்றால் ஒன்று நடந்துவிட்டது. அம்மாவுக்கு எப்போது, எப்படிச் சொல்வது என்று தெரியாமல் காலையில் நிலவறைக்குப் போனேன். உன் லேத்தைத் துடைத்து, எண்ணெய் போட்டு, பழைய படுக்கை விரிப்பால் மூடலாம் என்று நினைத்தேன். சக் சாவி படுகைமேல் கிடந்தது. எடுத்தேன். நீ சொன்னது சரிதான், அது கையில் இருந்தால் தட்ட வேண்டும் போலத்தான் இருக்கிறது. என் வாழ்நாளில் நான் அப்படித் தட்டியதில்லை. டக். கொஞ்சம் பொறுத்தேன். டக் டக். பிறகு, இத்தனை வருடமாகக் காத்திருந்த நான்காவது சத்தம் வந்தது. சுவருக்கு அப்பால், பெரிதாக. நான் சாவியைப் போட்டுவிட்டு லேத்தைப் பிடித்துக்கொண்டேன். விளக்கும் அணைந்தது.

பக்கத்து அறை, உடுப்புத் தோய்க்கிற பொது அறை. வியாழக்கிழமை நம்முடைய முறை என்பதை நான் மறந்துபோனேன். அம்மாவின் கையிலிருந்த ஈர உடுப்புக் கூடைதான் விழுந்திருக்கிறது. அவள் கதவைத் திறந்ததும் விளக்கு வந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, லேத்தைப் பார்த்தாள். "அண்ணை இப்பிடித்தான் தட்டுறவர்" என்றாள். "எங்கடை மகனும் தட்டுறவன். மேலை குசினியிலை நிண்டு கேக்கிறனான். அவன் இப்ப துரொண்ட்ஹெய்மிலை எல்லோ. ஆர் தட்டினது?"

"நான்தான்" என்றேன். அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. இந்தக் கடிதத்தில் இருப்பதை எல்லாம், வீம்பையும் சுழியையும், அவன் தலையைத் தூக்காமல் தரையில் தேடியதையும் சொன்னேன். என்னிடம் இருந்த துண்டுகளைப் பற்றியும் உன் துண்டு உடைந்ததைப் பற்றியும் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. அவள் விழுந்த உடுப்புகளைப் பொறுக்கி, உதறி, மடித்துக்கொண்டே கேட்டாள். அழவில்லை. இரண்டு தடவை விளக்கு அணைந்தது, இரண்டு தடவையும் அவள்தான் கையைத் தூக்கினாள். நான் முடித்த பிறகு கையை நீட்டி, "டப்பாவைத் தாங்கோ" என்றாள். டப்பாவைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை.

"எந்த டப்பா?" என்று கேட்டேன்.

"உங்கடை கோட்டை முதன்முதல் தோய்க்கப் போட்ட அண்டைக்கே பாத்தனான். இவன் அப்ப வயித்திலை. எண்ணெய் பூசி வைச்சிருந்தியள். நீங்களாச் சொல்லுவியள் எண்டு இருந்தன்."

மேலே போய்க் கோட்டுப் பையிலிருந்து எடுத்துவந்து கொடுத்தேன். மேசையாக நீ ஆக்கி வைத்த அந்தக் கதவின்மேல் வைத்து மூடியைத் திறந்தாள். விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினாள். பிறகு, நான் இத்தனை வருடத்தில் அவள் முகத்தில் பார்த்திராத பயத்தோடு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இதுக்குள்ளை ரெண்டு எல்லோ இருந்தது" என்றாள். "மற்ற ரெண்டும் ஆரின்ரை?"

அம்மா இப்போது கூடத்தில் தேவன் மாமாவின் படத்துக்குக் கீழே டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறாள். சாப்பிட மறுக்கிறாள். அவளுடைய கேள்விக்கு உன் பெயரைச் சொல்ல என் நாக்கு எழவில்லை. வேட்டைக்கென்று எடுத்த விடுமுறையில் ரெயிலேறி வீட்டுக்கு வா. வந்து அவள் முன்னால் நின்று, அந்த நான்கில் உன்னுடைய இரண்டை எடு.

அப்பா